மிதக்கும் நிலத்து மான்

தீவு என்பது நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலம் என்று பள்ளியில் படித்தோம். மணிப்பூரின் லோக்டாக் ஏரியிலோ அடியிலும் நீரையே உடைய தீவுகள் உள்ளன. நாணலும் புல்லும் மக்கி, வேரும் மண்ணுமாகப் பின்னிய இம்மிதவைகளை அந்நாட்டார் பும்தி என்பர். ஐந்தில் ஒரு பங்கே நீருக்கு மேல் தெரியும். இவற்றின்மீது வாழ்வது சங்காய் என்னும் மான். ஓடும்போதே நின்று திரும்பிப் பார்க்கும் இயல்பால், 'காத்து நிற்கும் விலங்கு' எனப் பொருள்படும் இப்பெயர் அமைந்தது என்பர்.

எல்டு என்னும் ஆங்கிலப் படை அதிகாரி இம்மானைக் கண்டு எழுதினார். பின்னர் வேட்டை மிகுந்தது. 1951-இல் இவ்வினம் அற்றுப்போயிற்று என்றே அறிவித்தனர். ஆயினும் 1953-இல் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டக்காரரான ஈ. பி. ஜீ, கைபுல் லாம்ஜாவோ சதுப்பில் ஒரு சிறு கூட்டம் எஞ்சியிருப்பதைக் கண்டார். 1975-இல் வானிலிருந்து எண்ணியபோது தென்பட்டவை பதினான்கே! 1977-இல் ஏறத்தாழ 40 சதுரக் கிலோமீட்டர் பரப்பு தேசியப் பூங்காவாயிற்று. உலகில் மிதக்கும் தேசியப் பூங்கா இஃதொன்றே. 2016-ஆம் ஆண்டுக் கணக்கில் மான்கள் 260 ஆயின.

எண்ணிக்கை பெருகியது மகிழ்ச்சியே, நிலந்தான் மெலிகிறது. முன்னெல்லாம் கோடையில் ஏரி வற்ற, பும்தி கீழிறங்கித் தரையைத் தொடும். வேர்கள் மண்ணின் சத்தை உண்டு தடிக்கும். மழை வந்ததும் மீண்டும் எழும். 1983-இல் 105 மெகாவாட் மின் திட்டத்திற்காக இத்தாய் அணை எழுந்தபின் ஆண்டு முழுவதும் நீர் உயர்ந்தே நிற்கிறது. தரை தொடாத பும்தி ஆண்டுக்காண்டு மெலிய, மானின் குளம்பு புதைகிறது. நெய்யாற்று அணை நீரால் பயிர் விளையும் வட்டாரமாகிய தனுவச்சபுரத்தில் வாழும் நாம் அணைகளைப் பழிக்க வரவில்லை. ஆனால் கோடையில் சில வாரங்களேனும் ஏரியைத் தாழவிடுதல் மின்சாரத்தார்க்கு அத்துணை அரிய காரியமா என்று கேட்கலாம்.

அமெரிக்காவின் புளோரிடாத் தீவுகளில் வாழும் சிறுமானுக்கு 1957-இலேயே புகலிடம் அமைத்தனர். அங்கும் வேட்டை நின்றது; மான் பெருகிற்று. இன்று கடல் உயர்ந்து, அவை குடிக்கும் நன்னீர்க் குட்டைகள் உவர்ப்பாகி வருகின்றன. வேட்டைக்காரனைச் சட்டத்தால் தடுத்தார்கள். நீரைத் தடுக்கும் சட்டம் அங்கில்லை. லோக்டாக்கில் நீரின் மட்டமோ மனிதர் கையில், அணையின் கதவில் இருக்கிறது.