மேசை ரம்ப விபத்தில் யார் பொறுப்பு?

1. வழக்கு

2010இல் பாஸ்டன் கூட்டாட்சி நீதிமன்றத்தின் ஜூரி, மரத்தளம் போடும் தொழிலாளி ஒருவருக்கு 15 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது. ரையோபி மேசை ரம்பத்தில் அவர் கை சிதைந்திருந்தது. விபத்தின்போது பிளேடின் மேல் மூடி இல்லை; பலகையை நேராக நகர்த்த உதவும் ஃபென்ஸையும் அவர் பயன்படுத்தவில்லை. அவருடைய தவறு 35 சதவீதம் என்று அதே ஜூரி கண்டது. ஆனாலும் தொகை குறையவில்லை. மாசசூசெட்ஸ் சட்டப்படி, உற்பத்தியாளரின் கவனக்குறைவைச் சொல்லித் தொடுக்கும் வழக்கில் பாதிக்கப்பட்டவரின் தவறு கழிக்கப்படும். பொருளே குறையுடையது என்று தொடுக்கும் வழக்கில் அந்தக் கழிவு கிடையாது. 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

பயனர் தவறு ஏற ஏற உற்பத்தியாளர் பொறுப்பு இறங்கும் என்பதே பொதுவான எண்ணம். இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள், தனித்தனியாகவே விடை காணப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

2. சட்டத்தின் வேர்

அமெரிக்காவில் பொருளின் குறைக்கே உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் சட்டத்தின் தொடக்கமே ஒரு மின்கருவி வழக்குதான். ரம்பம், துளைப்பான், கடைசல் மூன்றுமாகப் பயன்படும் ஷாப்ஸ்மித் கருவியை 1955 கிறிஸ்துமஸுக்கு மனைவி கணவருக்குப் பரிசளித்தார். பின்னர் கடைசல் வேலையில் மரத்துண்டு பறந்து வந்து அவர் நெற்றியைத் தாக்கியது. பிடிமானத் திருகுகள் போதாதவை என்று சாட்சியம் சொன்னது. 1963இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்ற நீதிபதி ரோஜர் டிரேனர் எழுதிய தீர்ப்பு, கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையில்லை என்றது. பொருளில் குறையும் அதனால் காயமும் இருந்தால் உற்பத்தியாளர் பொறுப்பு.

அங்கே குறை இயந்திரத்தில் இருந்தது. பாஸ்டனிலோ இயந்திரம் வடிவமைத்தபடியே ஓடியது. வடிவமைப்பே குறையுடையதா என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி, அதுவே கடினமானது.

3. மூடி ஏன் கழற்றப்படுகிறது

மேசை ரம்பத்தின் பழைய மூடி, பிளேடுக்குப் பின்னே நின்ற தகட்டில் தொங்கியது. பலகையை முழுக்க அறுத்தெடுக்கும் வேலைக்கு அது சரி. பலகையில் பள்ளம் மட்டும் எடுக்க வேண்டுமானால் பிளேடு மேலே வெளிவராது, தகடு மரத்தில் முட்டும். மூடியைக் கழற்றியே ஆக வேண்டும். திருகு அவிழ்த்து மாட்ட நேரமாகும். அடுத்த வேலை காத்திருக்கும். மூடி மூலைக்குப் போகும், திரும்ப வராது.

இதைச் சோம்பல் என்று ஒதுக்குவது எளிது, நான் ஒதுக்க மாட்டேன். வேலை செய்யவே இடைஞ்சலான காப்பைக் கொடுத்துவிட்டு, அதைக் கழற்றியவனைக் குற்றம் சொல்வது உற்பத்தியாளருக்கு வசதியான வாதம். பட்டறையில் எல்லோரும் செய்வதை எதிர்பாராத செயல் என்று சொல்ல முடியாது. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீட்டில், 2015இல் மட்டும் பிளேடு பட்டு அவசர சிகிச்சைக்கு வந்த மேசை ரம்பக் காயங்கள் 30,800. இத்தனை பேரும் தனித்தனியே மூடர்கள் என்று கொள்வதில் பொருளில்லை.

4. மாற்று வடிவமும் அதன் விலையும்

மூடி இல்லாதபோதும் விரலைக் காக்க ஸ்டீவ் காஸ் என்ற இயற்பியலாளர் 1999இல் கண்ட வழி இது: பிளேடில் மெல்லிய மின்குறிப்பு ஓடும், விரல் பட்டதும் அது மாறும், அலுமினியக் கட்டை பற்களில் பாய்ந்து சுமார் 5 மில்லி நொடியில் நிறுத்தும். நிமிடத்துக்கு 4,000 முறை சுழலும் பிளேடு அந்நேரத்தில் அரைச் சுற்றும் சுற்றாது. கட்டையும் பிளேடும் பாழாகும், விரலில் கீறலோடு போகும். பெரிய நிறுவனங்கள் உரிமம் பெறவில்லை. 2003இல் இத்தகைய காப்பைக் கட்டாயமாக்கக் கோரி அவர் ஆணையத்திடம் மனுக் கொடுத்தார், பின்னர் சாஸ்டாப் என்ற பெயரில் தானே ரம்பம் விற்றார்.

எதிர்த்தரப்பின் வாதம் வலுவற்றதல்ல. மலிவான சிறு ரம்பத்தில் இதைப் பொருத்தினால் எடையும் விலையும் ஏறும், எளியவர்களுக்கு எட்டாது என்றார்கள். இன்னொன்றும் உண்டு: ஒருவரிடம் காப்புரிமைகள் குவிந்திருக்கையில் அதைக் கட்டாயமாக்குவது அவருக்கே சந்தையைத் தாரைவார்ப்பது. பாஷ் கொண்டுவந்த ரீக்ஸ், பிளேடை மேசைக்குக் கீழே தள்ளும் வேறு முறையிலானது. அதுவும் காப்புரிமை மீறல் என்று 2017இல் இறக்குமதித் தடைக்கு ஆளானது. கட்டாய விதி வந்தால் ஒரு முக்கியக் காப்புரிமையைப் பொதுவுக்கு விடுவதாக 2024இல் சாஸ்டாப் அறிவித்தது. பாதுகாப்பைப் பேசியவரே அதைப் பூட்டியும் வைத்திருந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விலை ஏறும் என்பது ஜூரி எடைபோட வேண்டிய ஒரு காரணிதான், வழக்கையே தடுக்கும் சுவரல்ல.

5. இந்தியச் சட்டம்

நம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 84ஆம் பிரிவில் வடிவமைப்புக் குறையைத் தனியாகவே குறிப்பிடுகிறது. 87ஆம் பிரிவோ, பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலும் மாற்றப்பட்டிருந்தாலும் விற்பனையாளர்மேல் வழக்கில்லை என்கிறது. வெளிப்படையான ஆபத்தை எச்சரிக்கவில்லை என்றும் உற்பத்தியாளரைக் கேட்க முடியாது. பிளேடு வெட்டும் என்பது யாருக்கும் தெரியும். ஆக எச்சரிக்கை வாதம் அங்கே நிற்காது. வடிவமைப்பு வாதம் நிற்கும். மூடி கழற்றியதை 87இன்படி 'மாற்றம்' என்று எந்திரத்தனமாகப் படித்தால் விற்பனையாளர்மேல் அந்த வாதமும் செத்துவிடும். கழற்றாமல் அந்த வேலை செய்ய முடியுமா என்று முதலில் கேட்டு, முடியாதென்றால் அதை மாற்றமாகக் கொள்ளாதிருப்பதே சரியான வாசிப்பு.