பொழுதுபோக்குன்னு சொன்னா கூலி குறையும்

1/ திருப்பூர்ல பனியன் துணியை மெஷின் பின்னும். ஆனா குரோஷே பொம்மைக்கு ஒவ்வொரு கண்ணியும் கொக்கி ஊசியால கையிலதான் போடணும்.

2/ 19-ஆம் நூற்றாண்டுல ஆந்திராவின் நரசாபுரம் பக்கம் மிஷனரிகள் குரோஷே லேஸ் கத்துக்கொடுத்தாங்க. அது ஏற்றுமதித் தொழிலாச்சு. ஜெர்மன் ஆய்வாளர் மரியா மீஸ் 1982-ல ஒரு புத்தகமே எழுதினார்: லேஸ் போட்ட பெண்களைத் தொழிலாளியா யாரும் பார்க்கல, வீட்ல ஓய்வா இருக்கறவங்கன்னே நினைச்சாங்க. கூலியும் அதுக்கேத்த மாதிரிதான்.

3/ இன்னிக்கும் ஓபியில கழுத்துவலி, விரல்வலின்னு வர்ற அம்மாக்கள்கிட்ட வேலை என்னன்னு கேட்டா, "சும்மா வீட்லதான் டாக்டர்". துருவிக் கேட்டா பீஸ் ரேட்டுக்குப் பிசிறு வெட்டுறாங்க.

4/ குரோஷே யானைக்குட்டிக்குப் பேரம் பேசும் முன்னாடி, பின்ன எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு கேளுங்க. அதுக்கப்புறம் விலை சொல்லுங்க.