வரியில்லாச் சேமிப்புக் கணக்கு (கனடா)

கனடாவில் 2009-இல் நடைமுறைக்கு வந்த சேமிப்புக் கணக்கு. இதில் போடும் பணத்துக்கு வருமான வரிக் கழிவு கிடையாது. உள்ளே சேரும் வட்டி, பங்காதாயம், மூலதன ஆதாயம் ஆகியவற்றுக்கு, பணத்தை எடுக்கும்போதும் கூட, கனடிய வரி இல்லை. ஆண்டு வரம்பு தொடக்கத்தில் 5,000 டாலர், 2025-இல் 7,000. பயன்படுத்தாத வரம்பு அடுத்த ஆண்டுகளுக்குச் சேரும்.

பலரும் தடுக்கி விழும் இடம், எடுத்த பணத்தைத் திருப்பிப் போடுவது. எடுத்த தொகைக்கான இடம் மறு ஆண்டு ஜனவரி 1-இல்தான் மீண்டும் திறக்கும். வரம்பை முழுக்க நிரப்பிய ஒருவர் மார்ச்சில் 4,000 டாலர் எடுத்து ஜூனில் திரும்பப் போட்டால் அது மிகைப் பங்களிப்பு. மாதம் 1% வரி. டிசம்பர்வரை விட்டுவைத்தால் 280 டாலர். அவசரத்துக்கு எடுத்த சொந்தப் பணத்துக்கே இந்தத் தண்டம் என்பதால், விதியை முன்கூட்டியே அறிந்திருப்பது மிக அவசியம்.

வங்கி மாற்றும்போதும் இதே ஆபத்து உண்டு. பணத்தைக் கையில் வாங்காமல், வங்கிகளுக்கிடையே நேரடி மாற்றம் கோர வேண்டும். வரம்பு ஆளுக்குத்தான், கணக்குக்கு அல்ல. கனடிய வருவாய் முகமையின் இணையக் கணக்கில் தெரியும் தொகையில் நடப்பாண்டில் போட்டது கழிந்திருக்காது. சொந்தக் குறிப்பேடே நம்பகமானது.

நாட்டைவிட்டுக் குடிபெயர்ந்தபின் போடும் பணத்துக்கும் மாதம் 1% வரி உண்டு. இந்தச் சேமிப்புக் கணக்கில் சேரும் அமெரிக்கப் பங்காதாயத்தில் அந்நாடு பிடிக்கும் வரி திரும்பக் கிடைக்காது.