மாணவர் வரைந்த இரண்டு சின்னங்கள்

உலகம் முழுவதும் அன்றாடம் கண்ணில் படும் இரண்டு சின்னங்கள், ஓராண்டு இடைவெளியில் அமெரிக்க மாணவர்கள் இருவர் வரைந்தவை. மறுசுழற்சியைக் குறிக்கும் மூன்று அம்புகளை 1970-இல் வரைந்த கேரி ஆண்டர்சன், தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தவர். நைக்கியின் ‘ஸ்வூஷ்’ சின்னத்தை 1971-இல் வரைந்த கரோலின் டேவிட்சன், போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிராஃபிக் டிசைன் படித்தவர்.

வடிவத்துக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் ஆண்டர்சனுக்கே கூடுதலாகப் போடுவேன். ஒரு காகித நாடாவை அரைச்சுற்று முறுக்கி முனைகளை ஒட்டினால் மோபியஸ் வளையம் கிடைக்கும். அதற்கு ஒரே பக்கம்தான். விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். அதை முக்கோணமாக மடித்து அம்புகளாக்கினார் ஆண்டர்சன். பயன்படுத்திய பொருள் திரும்பவும் பொருளாகும் என்ற கருத்து கோட்டிலேயே இருக்கிறது, விளக்கம் தேவையில்லை. முதல் புவி நாளை ஒட்டி, ‘கண்டெய்னர் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா’ என்ற அட்டைப்பெட்டி நிறுவனம் மாணவர்களுக்கு வைத்த போட்டிக்கு அவர் வரைந்தது அது. 500-க்கும் மேற்பட்ட சின்னங்கள் வந்தன. சால் பாஸ் போன்ற பெரிய டிசைனர்கள் நடுவர்களாக இருந்து இதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

டேவிட்சனுக்கு நடுவர் குழுவெல்லாம் இல்லை. அதே பல்கலைக்கழகத்தில் கணக்கியல் கற்பித்தவரும் நைக்கியை நிறுவியவர்களில் ஒருவருமான ஃபில் நைட், மணிக்கு 2 டாலர் என்று பேசி அவரிடம் வேலை கொடுத்தார். ஷூவின் பக்கவாட்டில் வர வேண்டும், வேகம் தெரிய வேண்டும், அடிடாஸின் பட்டைகளைப் போல இருக்கக் கூடாது. கேட்டது அவ்வளவுதான். டேவிட்சன் ஷூவின் படத்தை வரைந்து, அதன்மேல் மெல்லிய டிஷ்யூ தாளை வைத்து, அந்தத் தாளில் கோடுகளைப் போட்டுப் பார்த்தார். வெறும் வெள்ளைத்தாளில் லோகோ வரையும் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. சின்னம் எங்கே உட்காரப்போகிறதோ அங்கேயே வைத்து அதை வரைந்திருக்கிறார். பில் தொகை 35 டாலர். நைட்டுக்கு முதலில் அந்தச் சின்னம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. 1983-இல் நிறுவனம் டேவிட்சனுக்கு வைர மோதிரமும் பங்குகளும் கொடுத்தது.

அதன்பின் நடந்ததுதான் இரண்டையும் பிரிக்கிறது. நைக்கி தன் சின்னத்தைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தது. 1995-இல் பெயரையே எடுத்துவிட்டுக் கோட்டை மட்டும் விடும் அளவுக்கு அது ஊன்றிவிட்டது. அம்புகளோ பொதுச்சொத்தாயின. எந்த நகராட்சியும் காசில்லாமல் குப்பைத்தொட்டியில் வரையலாம், அது பெரிய நன்மை. ஆனால் யாரும் எதிலும் போடலாம் என்றும் ஆயிற்று. 1988-இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில்துறை, அம்புகளுக்கு நடுவே 1 முதல் 7 வரை எண்களைப் போட்டது. கடையில் வாங்கும் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் 1 இருக்கும். ஹோட்டல் பார்சல் டப்பாவில் பெரும்பாலும் 5. அந்த எண் பிளாஸ்டிக் எந்த வகை என்று மட்டுமே சொல்கிறது. மறுசுழற்சி ஆகும் என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல. மக்கள் அம்பைப் பார்த்து நம்பினார்கள். 2013-இல்தான் அந்த எண்களைச் சுற்றி அம்புக்குப் பதில் வெறும் முக்கோணம் போடும்படி தரவிதி மாறியது. உண்மையில் மறுசுழற்சி ஆகாதவற்றில் அம்புகளைப் போடுவதைத் தடுக்க, கலிபோர்னியா 2021-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது.

இது ஆண்டர்சன் குற்றமல்ல. நல்ல வடிவத்துக்குக் காவல் இல்லாமல் போயிற்று, அதைவிட எளிய கோட்டுக்குக் கிடைத்தது. பிராண்டிங் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தக் காவலைத்தான்.

நம் கல்லூரிகளில் லோகோ புராஜெக்ட் டி-ஷர்ட்டிலும் விசிட்டிங் கார்டிலும் படத்தைப் பொருத்திக் காட்டுவதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: தான் வரைந்த சின்னத்தை எங்கெல்லாம் போடக் கூடாது, யார் போடக் கூடாது என்று மாணவரை ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அதற்கும் மதிப்பெண் கொடுங்கள்.