முயலின் கண்ணும் முகப்பூச்சும்

1944ஆம் ஆண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தைச் சேர்ந்த ஜான் டிரெய்ஸ் என்பாரும் அவர்தம் உடனாய்வாளரும் ஒரு சோதனை முறையை வெளியிட்டனர். முயலின் ஒரு கண்ணில் பொருளை இட்டு, மறு கண்ணை ஒப்புநோக்க விட்டுவைத்து, புண்ணின் அளவுக்கு மதிப்பெண் இடுவதே அம்முறை. கண்மையும் ஷாம்பூவும் அவ்வாறே சோதிக்கப்பெற்றன.

1980 ஏப்ரலில் நியூயார்க் பள்ளி ஆசிரியர் ஹென்றி ஸ்பைரா, ரெவ்லான் நிறுவனத்தை நோக்கி நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டார். அவர் வேண்டியது மாற்றுமுறை காணப் பொருள் ஒதுக்குமாறே. வாங்குவோர் வினவத் தொடங்கினர். அவ்வாண்டு இறுதியில் அந்நிறுவனம் ராக்பெல்லர் பல்கலைக்கழக ஆய்வுக்கு 7,50,000 டாலர் அளிக்க இசைந்தது.

2013இல் ஐரோப்பிய ஒன்றியம், விலங்குகளிடம் சோதித்த ஒப்பனைப் பொருள்களின் விற்பனைக்கு முழுத்தடை விதித்தது. 2014இல் இந்திய அரசு அச்சோதனையையும், அவ்வாறு சோதித்தவற்றின் இறக்குமதியையும் விலக்கியது.

எனினும் சோதனை நீங்கியமையால் உயிர்க்கொலை முற்றும் நீங்கிற்றென்று கொள்ளலாகாது. உதட்டுச்சாயத்தின் செந்நிறம், கொச்சினீல் பூச்சியை உலர்த்தி எடுத்த கார்மைனாகவும் இருக்கலாம். செய்தல், செய்வித்தல், உடன்படல் ஆகிய மூன்றையும் வினையெனக் கொள்ளும் சிராவகர்க்கு, உறைமேல் எழுதிய சேர்மானங்களைப் படித்தறிந்து வாங்குதலும் கொல்லாமை நோன்பின் ஒரு கூறே.