சுவரா, சட்டமா? கம்பம் பள்ளத்தாக்கு வீடுகளைப் பற்றி ஒரு குறிப்பு

செங்கல் கட்டு வீடா, மரச்சட்ட வீடா, எதில் கரண்டு பில் குறையும்? வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு நம்ம பக்கமும் இந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மலையில் ரிசார்ட்டுக்காரர்கள் மரக் காட்டேஜ் போடுகிறார்களே, கீழே தேனியிலும் போட்டால் என்ன என்று ஒரு ஆசை. பதிலுக்கு ஜெர்மனி வரை போக வேண்டாம். கம்பத்திலிருந்து குமுளிக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், ஏறிப் பார்த்தால் போதும்.

மலைக்கு அந்தப் பக்கம், பீர்மேட்டில் ஆண்டுக்கு 3000 மி.மீ.க்கு மேல் மழை. இன்னும் மேற்கே கோட்டயம் பக்கம் போனால் 'அறையும் நிரையும்' என்ற பழைய வீடுகள் இருக்கின்றன. சுவரே பலகைதான். காற்றில் ஈரம் அதிகம், பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வித்தியாசம் குறைவு. அங்கே வீடு செய்ய வேண்டிய வேலை இரண்டு: மழையைத் தள்ளுவது, காற்றை உள்ளே விடுவது. சரிவான கூரையும் மரச்சுவரும் அதற்குப் பொருத்தம்.

இந்தப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். மழை ஆயிரம் மி.மீ.க்குள் நின்றுவிடும். பகலில் கொளுத்தும், ராத்திரி மலைக்காற்று இறங்கும். பலகைக்குக் கரையான் வேறு. ஆகவே இங்கே கருங்கல், செங்கல், செம்மண், சுண்ணாம்பு என்று கனமான சுவர்கள்தான் வந்தன.

மரத்துக்கும் வேலை இருந்தது, ஆனால் கூரையில். ஓட்டு வீட்டுக்குப் பனங்கை. காரை வீட்டுக்கு, நம்ம பக்கம் தார்சு என்பார்களே, அதற்குத் தேக்கு உத்தரம். அதன்மேல் மெல்லிய செங்கல்லைச் சாய்வாக, குத்துக்கல்லாக அடுக்கி, செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். இடையிடையே கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணி தெளிப்பார்கள். மேலே தட்டோடு. 'மெட்ராஸ் டெர்ரஸ்' என்று புத்தகங்களில் வருவது இதுதான். மரமும் கட்டுமானமும் சண்டை போடாமல் சேர்ந்த கூரை. சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் பொடி) சேர்ந்த இதே குடும்பத்துக் கலவையில்தான் பென்னிகுவிக் 1895-இல் பெரியாறு அணையை முடித்தார்.

இப்போது கணக்குக்கு வருவோம். மரம் செங்கல்லைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் வெப்பத்தைக் கடத்தும். அப்போ மரவீடுதானே குளிர்ச்சி? இல்லை. தடிமனையும் பார்க்க வேண்டும். ஒரு அங்குலப் பலகைச் சுவர் வழியாகப் பாயும் வெப்பம், முக்காலடிச் செங்கல் சுவர் வழியாகப் பாய்வதைவிட அதிகம். அதைவிட முக்கியம் நேரம். பலகைக்கு வெயில் பட்ட சற்று நேரத்தில் உள்ளே சுடும். முக்காலடிச் செங்கல்லில் அந்தச் சூடு உள்ளே வந்து சேர ஏழு மணி நேரம் போல ஆகும். மதியச் சூடு ராத்திரி வந்து சேரும். அப்போது ஜன்னலைத் திறந்தால் வெளிக்காற்று குளிர்ந்திருக்கும். வந்த சூட்டை வெளியேற்ற முற்றம் இருந்தது. அதுவும் போதாத கோடையில் திண்ணையிலும் மாடியிலும் படுத்தார்கள்.

மேலைநாட்டு மரச்சட்ட வீடு சிக்கனமாக இருப்பதற்குக் காரணம் மரமா? சட்டங்களுக்கு நடுவே திணிக்கிற பஞ்சு போன்ற வெப்பத்தடுப்புதான் காரணம். உலகின் முதல் 'பாஸிவ் ஹவுஸ்' 1991-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் குடியேற்றத்துக்குத் தயாரானது. அது மரவீடே இல்லை! 17.5 செ.மீ. மணல்-சுண்ணாம்புக் கல் சுவர், அதற்கு வெளியே 27.5 செ.மீ. தெர்மோகோல். சுவரா சட்டமா என்ற கேள்வியே பாதிக் கேள்விதான் என்று இந்த ஒரு வீடு காட்டிவிடுகிறது.

நம்மூரில் என்ன ஆச்சு? 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் பர்மாத் தேக்கு வரத்து நின்றது. பிறகு சிமெண்டும் கம்பியும் சுலபமாகக் கிடைக்க, கூரை நாலைந்து அங்குலக் கான்கிரீட் ஆனது. சுவரில் பெரிய இழப்பில்லை, இழந்தது கூரையில். தரைதள வீட்டில் நாள் முழுக்க வெயில் வாங்குவது கூரைதானே. 2018-இல் வந்த மத்திய அரசின் 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' கூரையின் வெப்பக் கடத்தலுக்கு (சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு) 1.2 வாட் என்று வரம்பு வைத்தது. வெறும் கான்கிரீட் தளம் அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு கடத்தும். அந்தச் சூட்டை அடக்கத்தான் ஏசி ஓடுகிறது.

வழியும் பக்கத்திலேயே இருக்கிறது. 1960களில் பீர்மேடு பக்கம் வாகமண்ணில் வாழ்ந்த லாரி பேக்கர், 'எலிப்பொறிக் கட்டு' முறையைக் கேரளத்தில் பரப்பினார். செங்கல்லை நிறுத்தி வைத்து நடுவே வெற்றிடம் விடுவது. செங்கல் கால்வாசி மிச்சம், வெப்பமும் குறையும். தளத்தின் மேல் வெப்பத்தடுப்பும், வெள்ளை ஓடும் போட்டால் இன்னும் நல்லது.

தாத்தா காலத்துக் காரை வீட்டை இடிக்கப் போகிறவர்கள் ஒரு சித்திரை மதியத்தில் அதன் கூரைக்குக் கீழே ஒரு வெப்பமானியை வையுங்கள். பக்கத்துக் கான்கிரீட் வீட்டிலும் ஒன்று. இரண்டையும் பார்த்துவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிடலாம்.