சூட்டில் பிறந்து சூட்டில் அழியும் கடதாசி

மலையகத் தமிழரின் வரலாற்றைக் கடதாசிகளின் வரலாறாகவும் எழுதலாம். கடன்பட்ட தொழிலாளி தோட்டம் மாற வேண்டுமானால், அக்கடனைக் குறித்த 'துண்டு' வேண்டியிருந்தது. அம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பின்னர் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தையின், பாட்டனின் பிறப்புக்கு அத்தாட்சி கேட்டது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது நாடற்றவர் தொகை ஏறத்தாழ 9 லட்சத்து 75 ஆயிரம். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை லயன்களில் இன்றும் பழைய கடதாசிகளைப் பெட்டிக்குள் பூட்டிவைப்பதன் காரணம் இதுதான்.

அந்தக் கடதாசிகள் மையில் எழுதப்பட்டவை, அல்லது அச்சிடப்பட்டவை. ரயில் பாதை பதுளையை எட்டிய அதே 1924இல், கோ. நடேசய்யர் 'தேசபக்தன்' இதழைத் தொடங்கினார். அக்கால அச்சுக்கும் சூடே அடிப்படை. ஈயம், வெள்ளீயம், அந்திமனி மூன்றையும் உருக்கி எழுத்துக்களை வார்த்தார்கள். ஆனால் சூட்டின் வேலை எழுத்தோடு முடிந்தது. கடதாசியில் பதிந்தது மை.

இன்று வைத்தியசாலையில் இருதயத் துடிப்பைக் காட்டும் ஈ.சி.ஜி. தாளும், அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் படமும் பெரும்பாலும் வேறு வகையானவை. அங்கே மையே இல்லை. நிறமற்ற சாயமும் அதைக் கறுப்பாக்கும் அமிலப் பொருளும் தாளில் பூசப்பட்டிருக்கும். இயந்திரத்தின் சூடான முனை பட்ட இடத்தில் இரண்டும் உருகிக் கலந்து கறுக்கும். மலிவு, விரைவு, சத்தமில்லை. ஆனால் அத்தாள் தொடர்ந்து சூட்டை உணர்ந்துகொண்டே இருக்கும். வெயிலிலும், சிலவகை பிளாஸ்டிக் உறைகளிலும் கோடுகள் மங்கிவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று சூடான லமினேற் இயந்திரத்தில் கொடுத்தால் தாள் முழுவதும் கறுத்துப்போகும். அடையாள அட்டையைக் காப்பாற்றும் அதே அக்கறை இங்கே ஆவணத்தை அழித்துவிடுகிறது.

இதற்கு வழி எளியது. கிடைத்த அன்றே ஒரு போட்டோ கொப்பி எடுத்துவிட வேண்டும். அந்த இயந்திரமும் சூட்டையே பயன்படுத்துகிறது. ஆனால் கரித்தூளைக் கடதாசியோடு உருக்கி ஒட்டிவிடுகிறது. அது எளிதில் மங்காது.

நெஞ்சுவலியோடு வரும் நோயாளியின் புதிய ஈ.சி.ஜி.யைப் பழையதோடு ஒப்பிட்டே வைத்தியர் பல வேளைகளில் முடிவெடுக்கிறார். நம் நாட்டில் கிளினிக் கொப்பியை நோயாளியே வைத்திருக்கிறார். கடதாசி இல்லாததால் ஒரு தலைமுறை நாட்டை இழந்தது. அடுத்த தலைமுறையின் பெட்டிக்குள் வெற்றுத்தாள் இருக்கக்கூடாது.